மாதம் 20 யூரோ: ரெயூனியன் சிறையில் ஒரு தமிழ் மீனவரின் செலவுக் கணக்கு

2018 மார்ச் முதல் 2019 ஏப்ரல் வரை இலங்கையிலிருந்து மீன்பிடிப் படகுகள் அடுத்தடுத்து, இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரெயூனியன் தீவுக்கு வந்தன. நடுவில் சுமார் 4,000 கிலோமீட்டர் கடல். 200 பேருக்கு மேல் வந்திறங்கினார்கள். சிலருக்குப் புகலிடம் கிடைத்தது, பலர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். படகை ஓட்டியவர்கள் என்று சந்தேகிக்கப்பட்ட சிலர்மீது, அனுமதியில்லாமல் ஆட்களை உள்ளே கொண்டுவந்ததாக வழக்கு பதிவாகி, விசாரணைக் கைதிகளாகச் சிறைக்குப் போனார்கள். அந்த வரிசையில் வந்த ஒரு தமிழ் மீனவரின் கதை இது. அவரை அடையாளம் காட்டக்கூடிய எதையும் இங்கே எழுதவில்லை. தீவில் தொமான்ஜோ, லெ போர், சான்-பியேர் என்று மூன்று சிறைகள் உண்டு. எதில் இருந்தார் என்பதையும் சொல்லப்போவதில்லை.

நான் காரைக்காலில் பிறந்து இங்கே குடியேறியவன். சிறைக்குப் போய்ப் பார்க்க ஆளில்லாதவர்களைச் சந்திக்க அனுமதி பெற்ற தன்னார்வலன். அந்த அனுமதியில் ஒரு கண்டிப்பான நிபந்தனை உண்டு: பணமோ பொருளோ எதையும் கையில் கொடுக்கக் கூடாது. பேசலாம், கேட்கலாம், படிவத்தைப் படித்துச் சொல்லலாம். அதனால் அவருடைய செலவுக் கணக்கை நான் அருகிலிருந்து பார்த்தேன். அதில் ஒரு சதத்தைக்கூடக் கூட்டவோ குறைக்கவோ என்னால் முடியாது.

முதல் சந்திப்பில் வழக்கைப் பற்றி அவர் எதுவும் பேசவில்லை. வேறு ஒன்றுதான் கேட்டார். "அண்ணை, மனுசியோட கதைக்க எவ்வளவு காசு வேணும்?"

சிறைக்குள் பணம் எப்படி நடமாடுகிறது

பிரெஞ்சுச் சிறைகளில் ரொக்கம் கிடையாது. ஒவ்வொருவர் பெயரிலும் சிறை அலுவலகத்தில் ஒரு கணக்கு இருக்கும். வெளியிலிருந்து வரும் பணம், உள்ளே செய்யும் வேலைக்கான கூலி, அரசு உதவி எல்லாம் அதில் ஏறும். வாங்க ஒரே ஒரு கடை. அதைக் கான்தீன் என்கிறார்கள். கடை என்று சொன்னாலும் போய்ப் பார்த்து எடுக்கும் இடம் இல்லை. வாரம் ஒருமுறை படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். பணம் உடனே கணக்கில் பிடிக்கப்படும். பொருள் பிறகு அறைக் கதவுக்கு வரும்.

சிறை எதையுமே தருவதில்லை என்று சொல்லிவிட முடியாது. வந்த அன்று ஒரு பை கிடைக்கும்: சோப்பு, பற்பசை, பிரஷ், சவர பிளேடு, கழிவறைத் தாள். வசதியில்லாதவர் என்று பதிவானவருக்கு அந்தப் பை மாதாமாதம் புதுப்பிக்கப்படும். மூன்று வேளை உணவு உண்டு. அறையைக் கழுவ குளோரின் கரைசல் தருவார்கள். 2009 நவம்பர் 24-ஆம் தேதிச் சிறைச் சட்டத்தின் 31-ஆவது பிரிவு, வருமானம் ஒரு வரம்புக்குக் கீழே இருக்கும் கைதிக்கு அரசு பொருளாக உதவ வேண்டும், பணமாகவும் தரலாம் என்றது. 2013-இல் வந்த சுற்றறிக்கை அந்த வரம்பை 50 யூரோ என்றும் உதவியை மாதம் 20 யூரோ என்றும் வைத்தது. இந்த மீனவர் சிறையில் இருந்த காலத்தில் அதுதான் நடைமுறை.

அப்போது தொலைக்காட்சிக்கு அறைக்கு மாதம் 14.15 யூரோ வாடகை. வசதியில்லாதவராகப் பதிவானவரிடம் அதை வாங்குவதில்லை. ஆக, 20 யூரோவும் முழுசாக அவர் கையில்தான் நிற்க வேண்டும். காகிதத்தில் பார்த்தால் போதும்போலத் தெரியும்.

ஒரு மாதத்தின் செலவு

அவருடைய நோட்டுப் புத்தகத்தை மேசைமேல் விரித்து வைத்தார். படிவத்தில் நான்கு பத்திகள்: குறியீட்டு எண், பொருள், விலை, எத்தனை. எல்லாம் பிரெஞ்சில். அவர் பழைய படிவத்தைப் பார்த்து எண்களை மட்டும் நோட்டில் எழுதி, பக்கத்தில் தமிழில் குறித்திருந்தார்: சவுக்காரம், டின் மீன், சீனி, உடுப்புத் தூள், கொச்சிக்காய். அறையில் கூட இருந்த கொமோரோத் தீவுக்காரர் ஒருவர்தான் முதலில் பொருள் பொருளாகக் கைச்சாடையில் விளக்கினாராம். அந்த உதவிக்கு வாரா வாரம் கொஞ்சம் சீனி. அவர் அதைக் கேட்டு வாங்கவில்லை, இவராகவே கொடுத்தார். கொடுக்காமல் இருக்க முடியாது என்று இவருக்குத் தெரிந்திருந்தது.

ஒரு மாதம் பட்டியலில் எண்கள் மாறின. உடுப்புத் தூள் என்று நினைத்து எழுதிய எண்ணுக்குச் சவர நுரை வந்தது. கதவில் பொருள் வரும்போது பையைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். எதற்கென்று தெரியாமலே அவர் கையெழுத்திட்டார். கையெழுத்திட்ட பிறகு மாற்றித் தரமாட்டார்கள். 20 யூரோவில் வாழ்கிறவருக்கு ஒரு சவர நுரை சிறிய தொகை இல்லை.

உடுப்புத் தூள் ஏன் இவ்வளவு முக்கியம் என்று வெளியே இருப்பவருக்குப் புரியாது. குடும்பம் இருக்கிற கைதி அழுக்குத் துணியைப் பையில் கட்டி, பார்க்க வருகிறவரிடம் கொடுத்துவிடுவார். அடுத்த சந்திப்பில் துவைத்து மடித்த துணி வந்துவிடும். சிறை வாசலில் சனிக்கிழமை நின்றால் ஒவ்வொரு அம்மா கையிலும் அந்தப் பையைப் பார்க்கலாம். இவருக்கு அந்த அம்மா கடலுக்கு அப்பால். சிறைச் சலவைக்குப் போட்டால் திரும்ப நாளாகும். இருந்ததோ இரண்டு மாற்று உடுப்பு. அதனால் அறையின் கைகழுவும் தொட்டியில் துவைத்து, கட்டிலின் கம்பியில் காயப்போட்டார். டிசம்பரிலும் ஜனவரியிலும் இந்தத் தீவில் காற்றே ஈரமாக இருக்கும். துணி காயாது, நாற்றம் அடிக்கும், மறுபடி துவைக்க வேண்டும். அதே மாதங்களில் அறை கொதிக்கும். மின்விசிறியும் கான்தீனில்தான் வாங்க வேண்டும். ஒரு மாத உதவிப் பணம் அதற்கு எட்டாது.

உணவில் குறை என்று அவர் சொன்னது அளவைப் பற்றி அல்ல. சோறு வந்தது, பருப்பு வந்தது. மாலை உணவு சீக்கிரம் வந்துவிடும். மறுநாள் காலை வரை இரவு நீளம். பசியைவிட, வாய்க்கு விளங்காத சாப்பாடு அவரை வாட்டியது. ஒரு டின் மீனும் இரண்டு மிளகாயும் இருந்தால் அந்தச் சோறு உள்ளே போகும். வாழ்நாள் முழுக்க மீன் பிடித்தவர் டின் மீனுக்குக் கணக்குப் பார்த்தார்.

ஆனாலும் இவையெல்லாம் இரண்டாவது வரிசைதான். முதல் வரிசையில் எப்போதும் தொலைபேசி. மாத உதவியில் பாதிக்கு மேல் அதற்கே போனது, சில மாதம் முழுதுமே.

தொலைபேசி

விசாரணைக் கைதி யாருக்கும் பேச வேண்டுமானால் நீதிபதியின் அனுமதி வேண்டும், அதுவும் குறிப்பிட்ட எண்ணுக்கு. வழக்கறிஞர் போன்ற சிலரோடு பேசுவதைத் தவிர மற்ற அழைப்புகளைச் சிறை நிர்வாகம் கேட்கலாம், பதிவு செய்யலாம். தமிழில் பேசினால் கேட்டுப் புரிந்துகொள்ள ஆள் வேண்டும். அனுமதி வரக் காலதாமதம் ஆனது. கடிதம் எழுதலாமே என்று யாராவது கேட்கலாம். தாளும் உறையும் தபால்தலையும் கிடைக்கும்தான். ஆனால் விசாரணைக் கைதியின் கடிதம் நீதிபதி வழியாகப் போகும், தமிழ்க் கடிதம் மொழிபெயர்ப்புக்காகக் காத்திருக்கும். மனைவி ஒரு கேள்வி கேட்டு, அதற்குப் பதில் போய்ச் சேருவதற்குள் அந்தக் கேள்விக்கே அர்த்தம் போய்விடும். பிள்ளைக்குக் காய்ச்சல், வட்டிக்காரன் வாசலில் நிற்கிறான், படகுக்கு வாங்கிய கடனுக்கு யார் பொறுப்பு: இவை கடிதத்தில் காத்திருக்கக்கூடிய விஷயங்களா?

புதிதாக வரும் கைதிக்குத் தொலைபேசிக்காக 1 யூரோ தருவார்கள். உள்ளூர் எண்ணுக்குப் பேசி "நான் இங்கே இருக்கிறேன்" என்று சொல்ல அது உதவும். இலங்கைக்கு எடுத்தால் மனைவி அழத் தொடங்குவதற்குள் தீர்ந்துவிடும். வெளியே நாமெல்லாம் வாட்ஸ்அப்பில் இலவசமாக மணிக்கணக்கில் ஊரோடு பேசுகிறோம். உள்ளே நிமிடத்துக்கு நிமிடம் காசு, வெளிநாடு என்றால் தனிக் கட்டணம். கைதிக்கு வேறு வழியும் இல்லை, வேறு நிறுவனமும் இல்லை. ஒரே பேச்சுக்கு வெளியேயும் உள்ளேயும் இருக்கிற விலை வித்தியாசம் சோப்பிலும் சீனியிலும் இருப்பதைவிடப் பல மடங்கு பெரிது. "சோப்பெல்லாம் பிறகு பாப்பம் அண்ணை, அவள் குரலைக் கேட்டாத்தான் எனக்கு நித்திரை" என்றார்.

அதை மாற்ற முடியும் என்பதற்கு ஆதாரம் 2020-இல் கிடைத்தது. கொரோனா வந்து, மார்ச் மத்தியில் சந்திப்புகள் நின்றபோது, அரசு ஒவ்வொரு கைதிக்கும் மாதம் 40 யூரோ தொலைபேசிக் கணக்கில் போட்டது. தொலைக்காட்சியை எல்லாருக்கும் இலவசமாக்கியது. குடும்பத்தைப் பார்க்க முடியாதவனுக்குக் குடும்பத்தோடு பேசவாவது வழி வேண்டும் என்ற நியாயம் அந்த உத்தரவில் இருந்தது. அந்த மாதங்களில் எங்களுக்கும் உள்ளே போக அனுமதி இல்லை. பிறகு சந்தித்தபோது அவர் சொன்னார், சிறைக்கு வந்ததிலிருந்து நிம்மதியாக இருந்த காலம் அதுதான் என்று. தீவு முழுக்கப் பயத்தில் அடைந்து கிடந்த காலம் அது. அவருக்கு உடுப்புத் தூளும் டின் மீனும் தொலைபேசியும் ஒரே மாதத்தில் கிடைத்தன. சந்திப்புகள் திரும்ப வந்ததும் அந்தச் சலுகை முடிந்தது. உள்ளூர்க் கைதிக்கு அது சரி. அம்மா மறுபடி வாசலில் நிற்கிறாள். இவரைப் பார்க்க கொரோனாவுக்கு முன்னும் யாரும் வரவில்லை, பின்னும் யாரும் வரப்போவதில்லை. சந்திப்பு நின்றது என்பதற்காகத் தந்த உதவி, சந்திப்பே இல்லாதவருக்கு ஏன் நிற்க வேண்டும்?

நல்ல மனசில் அனுப்பிய 100 யூரோ

நடுவில் நடந்த ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் இதைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். அவரைப் பற்றிக் கேள்விப்பட்ட சில தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து 100 யூரோ திரட்டி, முறைப்படி ஒரே தடவையில் அவர் கணக்குக்கு அனுப்பினார்கள். பணம் ஏறியது. அவரும் சந்தோஷப்பட்டார். அடுத்த இரண்டு மாதம் அரசின் 20 யூரோ வரவில்லை.

காரணம் விதியிலேயே இருக்கிறது. கணக்கில் செலவழிக்கக் கூடிய பணம் கடந்த மாதமும் இந்த மாதமும் 50 யூரோவுக்குக் கீழே இருக்க வேண்டும். இந்த மாதச் செலவும் அதற்குள் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் "வசதியில்லாதவர்" பட்டியலிலிருந்து பெயர் எடுக்கப்படும். பெயர் போனால் மாதாந்தரப் பை, தொலைக்காட்சி விலக்கு எல்லாமே அந்தப் பட்டியலோடு சேர்ந்து போகும். 100 யூரோவில் 40 யூரோ, வராமல் போன உதவிக்கே ஈடாகிவிட்டது. அதே பணத்தை மாதம் 25 யூரோவாக நான்கு மாதம் அனுப்பியிருந்தால் ஒரு சதமும் வீணாகியிருக்காது. இதை அந்தக் குடும்பங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்ற கடமையும் யாருக்கும் இல்லை.

வேலை கேட்டு விண்ணப்பித்தார். வசதியில்லாதவர்களுக்கு முன்னுரிமை உண்டு என்றாலும் வேலை குறைவு, பட்டியல் நீளம், பிரெஞ்சு தெரியாது. 2020-இல்தான் நடைபாதை துடைக்கும் வேலை கிடைத்தது. அந்த வகை வேலைக்குக் கூலி, நாட்டின் குறைந்தபட்ச ஊதியத்தில் 20 சதவீதம். அந்த ஆண்டு குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 10.15 யூரோ, அவருக்கு 2.03, அதிலும் பிடித்தம் உண்டு. ஆனாலும் அந்த வேலை அவரை நிமிர வைத்தது. முதல் கூலியில் கொமோரோக்காரருக்கு ஒரு பொட்டலம் காப்பித் தூள் வாங்கிக் கொடுத்ததாகச் சொன்னார்.

தீவின் விலை, பாரிசின் தொகை

இந்த நிகழ்வில் யாரோ திருடினார்கள், யாரோ கொள்ளை லாபம் வைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஐரோப்பியச் சிறை விதிகள் (2006) 31.5-இல், கைதிகள் வாங்கும் பொருளின் விலை வெளிச் சமூகத்தின் விலையைவிட அசாதாரணமாக அதிகமாக இருக்கக் கூடாது என்று இருக்கிறது. கான்தீன் படிவத்தில் இருந்த விலையில் பல, தெருமுனைக் கடை விலையை ஒட்டியே இருந்தன. விதி மீறப்படவில்லை என்று வாதாடலாம். ஆனால் இந்தத் தீவின் வெளிச் சமூகத்து விலையே என்ன விலை? பிரெஞ்சுப் புள்ளிவிவர நிறுவனமான இன்சேயின் ஒப்பீட்டில், 2015-இல் ரெயூனியனில் உணவுப் பொருள் பிரான்சின் பெருநிலத்தைவிட 28 சதவீதம் விலை கூடுதல். 2022-இல் அது 37 சதவீதம் ஆனது. கப்பல் கூலி, கடல் தீர்வை என்ற உள்ளூர் வரி, விரல்விட்டு எண்ணக்கூடிய இறக்குமதியாளர்கள் என்று காரணங்கள் இங்கே எல்லாருக்கும் மனப்பாடம். 2018 நவம்பரில் இந்தத் தீவு மக்கள் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு போராடிச் சாலைகளை மறித்தது இதற்காகத்தானே. ஊரடங்கே போட வேண்டி வந்தது.

உதவித் தொகையோ அப்போது பெருநிலத்தின் லில் நகரத்துச் சிறையிலும் 20 யூரோ, இங்கேயும் 20 யூரோ. 28 சதவீதக் கணக்கைப் போட்டால், இங்கே அந்த 20 யூரோ வாங்கும் உணவு அங்கே சுமார் 15.60-க்குக் கிடைக்கும். 2022-இல் உதவி 30 யூரோவாகவும் வரம்பு 60 யூரோவாகவும் உயர்ந்தது, நல்லது. ஆனால் அதே ஆண்டின் 37 சதவீதத்தோடு பார்த்தால் இங்கே 30 யூரோ அங்கத்திய 22 யூரோ.

தூரத்துத் தீவில் வாழ்க்கைச் செலவு அதிகம் என்பது அரசுக்குத் தெரியாத விஷயம் இல்லை. அதே சிறையில் வேலை பார்க்கும் காவலர் உட்பட, இங்கே பணியாற்றும் மத்திய அரசு ஊழியருக்கு அடிப்படைச் சம்பளத்தின்மேல் சுமார் 53 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கிறது. அதை நான் குறைசொல்லவில்லை. அவர்களுக்கும் குடும்பம் உண்டு, அவர்களும் இதே கடையில்தான் அரிசி வாங்குகிறார்கள். ஆனால் கதவின் இந்தப் பக்கம் நிற்பவருக்குத் தீவின் விலையைக் கணக்கில் எடுக்கிற அரசு, அந்தப் பக்கம் நிற்பவருக்குப் பாரிசின் விலையை எடுப்பது எந்த நியாயத்தில்?

ஒரு எதிர்வாதத்தைப் பலமுறை கேட்டிருக்கிறேன். வெளியே இருக்கும் ஏழைக்கும் கூடுதல் இல்லையே, குறைந்தபட்ச ஊதியம் 1996 முதல் இங்கேயும் அங்கேயும் ஒன்றுதானே என்பார்கள். உண்மைதான், அதுவும் அநீதிதான். ஆனால் வெளியே இருக்கிற ஏழைக்கு நாலு கடை இருக்கிறது, சந்தை கலையும் நேரத்தில் போனால் மலிவாகக் கிடைக்கும், பக்கத்து வீட்டு முருங்கையில் கீரை பறிக்கலாம், கோயிலில் ஒருவேளை சாப்பிடலாம். சிறையில் இருப்பவருக்கு ஒரே படிவம். 2012 நவம்பரில் வந்த சட்டத்தின்படி, கடல்கடந்த பிரதேசங்களில் அத்தியாவசியப் பொருள்கள் அடங்கிய ஒரு கூடைக்கு ஆண்டுதோறும் அரசுப் பிரதிநிதி பெரிய கடைகளோடு பேசி உச்ச விலை வைக்கிறார். அந்தக் கூடையில் இருக்கும் சோப்பையும் எண்ணெயையும் டின் மீனையும் அதே விலைக்குக் கான்தீன் பட்டியலில் சேர்க்கப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். உதவித் தொகையில் தீவுக்கான கூடுதலைச் சேர்ப்பதும், குடும்பம் வெளிநாட்டில் உள்ளவருக்கு மாதம் ஒரு குறைந்தபட்ச அழைப்பை இலவசமாக்குவதும் அதற்கு அடுத்த வேலை. 2020-இல் எல்லாருக்கும் செய்ததைச் சிலருக்கு மட்டும் செய்வதுதானே.

அனுப்ப நினைப்பவர்களுக்கு

அவருடைய வழக்கு முடிந்து, தண்டனைக் காலமும் கழிந்து, அவர் ஊருக்குத் திரும்பிவிட்டார். 2022-இல் படகுகள் மறுபடி வந்தன. மறுபடி தமிழ் பேசுகிற கைதிகள். அதனால் நடைமுறையில் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பணம் அனுப்புவதானால் சிறிய தொகையாக, மாதாமாதம். இப்போதைய வரம்பு 60 யூரோ. அவர் கணக்கில் ஏற்கெனவே எவ்வளவு என்று கேட்டுவிட்டு, கூட்டினால் அதைத் தாண்டாதபடி அனுப்புங்கள். பல குடும்பங்கள் சேர்ந்தால் ஒருவர் பொறுப்பெடுத்து, மாதத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுப் பொருள் எடுத்துப்போனால் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள்; ஆண்டு இறுதிப் பண்டிகைக் காலத்தில் மட்டும் 5 கிலோ வரை ஒரு பொதி அனுமதி, அதற்கும் முன்கூட்டியே விசாரியுங்கள். உடுப்பு கொடுக்கலாம், ஆனால் காவலர் சீருடையைப் போன்ற கருநீலமும், இராணுவப் புள்ளித் துணியும், தலைமூடி வைத்த சட்டையும் வேண்டாம். தமிழ்ப் புத்தகம் கொடுக்கலாம். பிரெஞ்சு தெரிந்தவர் யாராவது கான்தீன் படிவத்தின் நகல் ஒன்றை வாங்கி, பொருள்களின் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுத்தால் பெரிய உதவி. எண்கள் மாறும்போது அதையும் மாற்றி எழுத வேண்டியிருக்கும்.